ஆவன செய்யப்படும்

என் கணவர் ஐந்து வருஷம் சட்டசபை உறுப்பினராக இருந்தார். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று எழுதப்போவதில்லை. அவர் பெயரையும் எழுதமாட்டேன். கட்டிக்கொண்டவர் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்துப் பழக்கம் என்னை இன்னும் விடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் குடியிருந்தது செஞ்சியில், கடைத்தெருவுக்குப் பின்னால், சன்னலைத் திறந்தால் ராஜகிரி தெரியும் ஓர் ஓட்டுவீட்டில். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. அறுபதுகளின் நடுவில் அந்த வீட்டில் உட்கார்ந்து நான் ஒரு வார்த்தை எழுதினேன். அந்த வார்த்தையால், ஜெயிலில் இருந்த ஒருவனுடைய அப்பீல் போகாமலேயே நின்றுவிட்டது. இதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பாதி கேட்டவர்கள் எல்லாரும், அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று முடித்துவிட்டார்கள்.

எங்கள் ஊரில் கோட்டை என்றால் ஆடு மேய்கிற இடம். அதனால் "ஐயா கோட்டைக்குப் போயிருக்காரு" என்று நான் சொன்னால், புதிதாக வந்தவர்கள் மலைப்பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் போயிருந்தது மெட்ராஸ் கோட்டைக்கு. சபை முடிந்த மறுநாளே பஸ் ஏறி வந்துவிடுவார். கையில் ஒரு துணிப்பை இருக்கும். அடியில் இரண்டு அழுக்குச் சட்டை, மேலே கேள்வி பதில் தாள்கள். சட்டையை நான் ஊறப்போடுவேன். தாள்களை அவர் மேஜைமேல் வைத்து, "இதெல்லாம் நம்ம ஜனங்களுக்குப் புரியற மாதிரி எழுதிக் கொடு" என்பார். வருகிற சந்தை நாளில் சந்தைமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேஜையும் ஒலிபெருக்கியும் வைத்து, அந்தக் கூட்டத்தொடரில் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று வாசிப்பார். ஜெயித்த பிறகு எதற்கய்யா கூட்டம் என்று அவருடைய கட்சிக்காரர்களே கேலி செய்தார்கள். ஓட்டுப் போட்டவனிடம் வந்து சொல்லவேண்டாமா என்று இவர் கேட்பார். அந்த மாதிரி மனிதர். அவரோடு சண்டை போடவும் முடியாது.

அவர் எப்போதும் இரண்டே விஷயம்தான் பேசுவார். பள்ளிக்கூடம், கோர்ட்டு. படிக்க ஓர் இடமும் நியாயம் கேட்க ஓர் இடமும் இருந்தால் மற்றதை ஜனங்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது அவருடைய கட்சி. கூரை ஒழுகுகிற பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கேட்பார். பெண்பிள்ளைகளுக்கு எட்டாவதுக்கு மேல் வகுப்பு வேண்டும் என்று கேட்பார். வழக்குக்காகக் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் அலைகிற ஏழைகளைப் பற்றிக் கேட்பார். எல்லாவற்றுக்கும் அச்சடித்த மாதிரி ஒரே பதில் வரும்: அரசின் பரிசீலனையில் உள்ளது. இவரும் அதை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஒலிபெருக்கியில் வாசிப்பார். ஒருமுறை கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் எழுந்து, "ஐயா, பரிசீலனைன்றது எந்த ஊரு? நம்ம பள்ளிக்கூடம், கோர்ட்டு எல்லாமே அங்கதான் இருக்குதுன்றீங்க. பஸ் போவுதா?" என்று கேட்டார். சந்தையே சிரித்தது. இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டைத் தொடாமல் அந்தப் பதில் தாளை மறுபடி மறுபடி வாசித்தார்.

எனக்கும் அந்தச் சிரிப்பு சுட்டது. ஆனால் எனக்குச் சுட்டது வேறு இடத்தில். பரிசீலனை என்பது தமிழ் இல்லையே என்பதுதான் என் கவலை. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது ஆபீசுகளில் தமிழ் வந்துகொண்டிருந்த நேரம். பலகைகளில் வார்த்தைகள் மாறின, படிவங்களில் மாறின. தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குப் புது வார்த்தைகள் பழகவில்லை. வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு நான் வகுப்பு எடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாக எடுத்தேன். தஸ்தாவேஜு வேண்டாம், ஆவணம் என்று எழுதுங்கள். ஜாமீன் வேண்டாம், பிணை என்று எழுதுங்கள். கரும்பலகையில் இடது பக்கம் பழைய வார்த்தை, வலது பக்கம் புது வார்த்தை. இடது பக்கத்தை ஒவ்வொன்றாக அழிக்கும்போது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த வகுப்புக்கு ஒழுங்காக வந்தவர் ஒருவர் உண்டு. குமாஸ்தா இல்லை, ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டுப் பத்திரம் எழுதுகிற பாய். அவருடைய முன்னோர்கள் கோட்டையில் சிப்பாய்களாக வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் என்று சொல்வார். முத்து முத்தான கையெழுத்து. வயது என்னைவிடப் பதினைந்து இருபது கூட இருக்கும், ஆனாலும் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். தஸ்தாவேஜு போய் ஆவணம் வந்தபோது மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். இவர் மட்டும், "பத்திரம், ஆவணம் ரெண்டும் ஒண்ணா டீச்சரம்மா, வித்தியாசம் இருக்குதா?" என்று கேட்டார். பத்திரம் என்றால் நீங்கள் எழுதுவது மட்டும். ஆவணம் என்றால் அரசாங்கம் எழுதித் தருவதும் சேர்த்தி என்று சொன்னேன். அவர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

அந்த வருஷ மழைக்காலத்துக்கு முன்னால் நடந்த சபையில் என் கணவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். கீழ்க்கோர்ட்டில் தண்டனை அடைந்த ஏழைகள் அப்பீல் போட வழியில்லாமல் ஜெயிலில் கிடக்கிறார்களே, அவர்களுக்கு அரசாங்கமே வக்கீல் வைத்துக் கொடுக்குமா என்று. அவர் கேட்டவற்றிலேயே உருப்படியான கேள்வி அதுதான் என்று நான் இப்போதும் சொல்வேன். அதற்கு வந்த பதில் ஒரே வரி, இங்கிலீஷில். தேவையான நடவடிக்கை எடுக்கப்படும் என்று அர்த்தம். பரிசீலனை இல்லை, நடவடிக்கை. அதற்கே இவர் பூரித்துப்போய் வந்திருந்தார். "பாத்தியா, இந்தத் தரம் அசைஞ்சு கொடுத்திருக்காங்க" என்று சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே தாளை நீட்டினார்.

நான் உட்கார்ந்து எழுதினேன். தேவையான நடவடிக்கை எடுக்கப்படும் என்றே எழுதியிருக்கலாம். சந்தையில் எல்லாருக்கும் புரிந்திருக்கும், அதில் ஒன்றும் இல்லை என்பதும் சேர்த்துப் புரிந்திருக்கும். ஆனால் எனக்கு அழகாக ஒரு சொல் தோன்றியது. ஆவன செய்யப்படும். ஆகவேண்டியவை செய்யப்படும் என்பதை இரண்டே வார்த்தையில் அடக்கிவிட்டேன் என்று எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று. அவருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். "நல்லா இருக்குது, ஆனா புரியுமா?" என்றார். ஜனங்கள் பழகிக்கொள்வார்கள் என்று சொன்னேன்.

சந்தை நாள் வந்தது. மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை அறுவடை முடிந்த சமயம், கூட்டம் நிறைய இருந்தது. இவர் பள்ளிக்கூட விஷயத்தை வாசித்து முடித்தார். பிறகு கோர்ட்டு விஷயம். ஜெயிலில் இருக்கிற ஏழைகளின் அப்பீலுக்காக அரசால் ஆவன செய்யப்படும் என்று வாசித்தபோது, நான் எழுதியது காற்றில் போவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எங்கள் பக்கத்தில் வாயில் வருகிற எழுத்துக்கு ரெண்டு சுழி, மூணு சுழி வித்தியாசமெல்லாம் கிடையாது. ஒலிபெருக்கிக்கும் கிடையாது. ஆவன என்றாலும் ஆவண என்றாலும் ஒரே சத்தம்தான். பள்ளிக்கூடத்தில் தினமும் ஐம்பது பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையில் அதைத்தான் திருத்துகிறேன். என் வார்த்தையிலேயே அது இருப்பது எனக்குத் தோன்றவில்லை.

கூட்டத்தில், செஞ்சியை அடுத்த வல்லம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். மண்டியில் மல்லாட்டை உரிக்கிற வேலை. மணிலாக்கொட்டைக்கு எங்கள் பக்கத்துப் பேச்சில் அதுதான் பெயர். அவள் புருஷன் கடலூர் ஜெயிலில் இருந்தான். பங்குக் கிணற்றில் யாருக்குத் தண்ணீர் முறை என்று ஏற்பட்ட தகராறில் நாலைந்து பேர் கைகலந்ததில், ஒரு ஆள் கிணற்று மேட்டுக் கல்லில் விழுந்து இரண்டு நாள் கழித்துச் செத்துப்போனான். வழக்கு இவள் புருஷன் தலையில் விடிந்தது. ஆயுள் தண்டனை என்று கோர்ட்டில் சொல்லி அப்போது இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவன்தான் தள்ளினானா, வேறு யாராவதா என்று எனக்குத் தெரியாது. தள்ளவில்லை என்று அவன் கடைசிவரை சொன்னான்.

ஜெயிலில் இருக்கிற ஏழைகள் என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் அவள் கூடையை வைத்துவிட்டு முன்னால் வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு சொன்னது புரியவில்லை. பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்ற பாயிடம், "அது இன்னா சொன்னாரு ஐயா?" என்று கேட்டிருக்கிறாள். பாய் என் மாணவர். "ஆவணம் செய்யப்படும்னு சொன்னாரும்மா. ஆவணம்னா சர்க்காரே எழுதிக் கொடுக்கிற காயிதம். நாங்க எழுதற பத்திரம் இல்ல, அதைவிடப் பெரிசு. ஜெயில்ல இருக்கிற ஏழைங்களுக்கு அப்பீல் காயிதத்தை சர்க்காரே தயார் பண்ணப் போவுது" என்று விளக்கியிருக்கிறார். அன்பாகத்தான் சொன்னார். அவர்மேல் எள்ளளவும் குற்றமில்லை. நான் கற்றுக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தார்.

பத்திரம் என்ற பேச்சில் அவளுக்கு ஏற்கெனவே சூடு உண்டு. அவள் மாமனாரிடம் குத்தகைக்கு என்று சொல்லிக் கிரயப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கி, இருந்த நிலத்தையும் எழுதிக்கொண்டுவிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகு எந்தக் காகிதத்துக்கும் கை நீட்டுவதில்லை. அந்த வாரமே அவள் கடலூருக்குப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற புருஷனிடம், "யார் எந்தக் காயிதத்தை நீட்டுனாலும் கைநாட்டு வெக்காத. நமக்கு சர்க்காரே எழுதுது. எம்மெல்லே ஐயாவே மைக்குல சொல்ட்டாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

 ஜெயிலிலேயே அப்பீலுக்கு வழி இருந்தது. தண்டனைக் கைதி யாராயிருந்தாலும் அப்பீல் போட விரும்பினால் அங்கேயே மனு எழுதி, கைநாட்டு வாங்கி அனுப்பிவிடுவார்கள். வக்கீலே வேண்டாம். ஜெயில் அதிகாரி அவனைக் கூப்பிட்டு முறையாகக் கேட்டிருக்கிறார். இரண்டு தரம் கேட்டிருக்கிறார். அவன் இரண்டு தரமும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டான். அப்பீலுக்கு அறுபது நாள் கெடு.

அவள் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது கூட்டம் முடிந்து மூன்றாவது சந்தை நாளில். இவர் ஊரில் இல்லாத நாட்களில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. எல்லாரும் ஏதோ ஒன்றைக் கேட்டுத்தான் வருவார்கள். மோட்டாருக்கு கரண்டு, ரேஷன் கார்டு, பிள்ளைக்கு ஹாஸ்டல் இடம். எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான்: வந்துடுச்சா? எனக்கும் பதில் ஒன்றுதான். அவள் வாசற்படிக்குக் கீழே நின்றபடி, "வந்துடுச்சா டீச்சரம்மா?" என்றாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "இன்னும் வரலம்மா, வந்தா சொல்லி அனுப்பறேன்" என்றேன். எது வந்ததா என்று கேட்கவில்லை. அவள் எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. பிறகு எங்கே சொல்லி அனுப்புவேனாம்? அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் வந்தாள். அதற்கு அடுத்த வாரமும் வந்தாள். ஒரு தரம் பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று என்று நடந்துகொண்டே பதில் சொன்னேன். ஒரு தரம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினேனா என்று ஞாபகம் இல்லை. அவள் முகம் தெரிந்த முகமாகிவிட்டது, அவ்வளவுதான். வந்துடுச்சா, இன்னும் வரல. பரிசீலனை எந்த ஊர் என்று கேட்ட கிழவருக்காகச் சங்கடப்பட்ட நான், என் வாசலிலேயே அந்த ஊரை நடத்திக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

நடுவில் ஒரு வாரம் விட்டு, ஐந்தாவது தடவை வந்தபோது அவள் தனியாக வரவில்லை. ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்றையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்று லீவு நாள், எனக்கு வேலை ஒன்றும் இல்லை. வழக்கம்போல இன்னும் வரல என்று சொல்லிவிட்டு, பேச்சுக்கு, "பாப்பா படிக்குதா?" என்று கேட்டேன். "படிக்குது டீச்சரம்மா. நைனா எப்போ வருவாருன்னு தெனமும் கேக்குது. காயிதம் வந்தாத்தான் வருவாருன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள். என்ன காகிதம் என்று அப்போதுதான் கேட்டேன். "அதான், ஐயா மைக்குல சொன்னாரே. ஆவணம்."

அவளைப் படியேறி வரச்சொல்லி உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டேன். பாய் சொன்னது, கடலூர் போனது, கைநாட்டு வைக்காதே என்றது எல்லாம் வந்தது. கடைசியில் தீர்ப்பு என்றைக்கு என்று கேட்டேன். அவளுக்குத் தேதி தெரியவில்லை, அமாவாசையிலிருந்து எண்ணிச் சொன்னாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்து மடியில் வைத்து எண்ணினேன். மூன்று தரம் எண்ணினேன். அறுபது நாள் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாலு தடவையில் ஒரு தடவையாவது என்ன வேண்டும் என்று நான் கேட்டிருந்தால் நாள் இருந்திருக்கும். இதை எப்படித் திருப்பிப் போட்டாலும் அப்படித்தான் வருகிறது.

என் கணவருக்குத் தந்தி அடித்து வரவழைத்தேன். விஷயத்தைக் கேட்டு அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "நான்தானே வாசிச்சேன்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் மெட்ராஸ் போனோம். அவருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். கெடு தாண்டிவிட்டால் ஏன் தாண்டியது என்று காரணம் எழுதி மன்னிப்புக் கேட்டு மனுப் போடலாம், கோர்ட்டு ஏற்றுக்கொண்டால் உண்டு என்றார். நான் காரணத்தைச் சொன்னேன். இரண்டு சுழி, மூன்று சுழி என்று காகிதத்தில் எழுதியே காட்டினேன். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"இதை நான் இங்கிலீஷ்ல எழுதணுமேம்மா" என்றார். "இங்கிலீஷ்ல அந்த ரெண்டு வார்த்தையும் ஒண்ணா கேக்காதே. ஜட்ஜுக்கு இது எப்படி ஏறும்?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. நடந்தது நடந்தபடி எழுதுங்கள் என்றேன். எழுதினால் கதை கட்டுகிறோம் என்று நினைப்பார்கள் என்றார். அவர் சொன்னதும் சரிதான். தமிழ் தெரியாத ஒருவரிடம் அந்தத் தவறைச் சொல்லிப்பாருங்கள், தவறே கிடையாது. கடைசியில் அவர் எழுதியது, மனுதாரர் ஏழை, படிப்பறிவு இல்லாதவர், அறியாமையால் காலம் கடந்துவிட்டது என்று. எனக்கு வாசித்துக் காட்டினார். அறியாமை யாருடையது என்று நான் கேட்கவில்லை. அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் புரியாமல், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்தக் காகிதத்தைக் கடலூருக்கு அனுப்பி, அவன் கைநாட்டையும் வாங்கினோம். இந்தத் தடவை வை என்று அவளே போய்ச் சொல்லவேண்டியிருந்தது.

மனு தள்ளுபடி ஆகிவிட்டது. சட்டம் தெரியாது என்பது காரணமாகாது; ஜெயிலிலேயே வசதி இருந்தும், இரண்டு தரம் கேட்டும் கைதி வேண்டாம் என்றிருக்கிறார் என்று உத்தரவில் இருந்ததாக வக்கீல் எழுதினார். உத்தரவு தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. அவர்கள் கையில் இருந்த காகிதங்களைப் பார்த்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அப்பீல் போயிருந்தால் அவன் விடுதலையாகி இருப்பான் என்றும் சொல்லமாட்டேன். நீ தள்ளினாயா இல்லையா என்று இன்னொரு தடவை ஒருவர் அவனைக் கேட்டிருப்பார். அது இல்லாமல் போயிற்று.

அடுத்த சபையில் என் கணவர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். ஒரு எழுத்து மாறாமல் அதே பதில் வந்தது. தாளை மேஜைமேல் வைத்தார், நான் எடுக்கவில்லை. அந்தச் சந்தை நாளில் அவர் பள்ளிக்கூட விஷயத்தை மட்டும் வாசித்துவிட்டு இறங்கிவிட்டார். பாய் வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஒருநாள் கடைத்தெருவில் எதிரே வந்தவர், "நான் கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும் டீச்சரம்மா" என்றார்.  கொஞ்ச நாளில் நானும் வகுப்பை மூடிவிட்டேன்.

வக்கீல் கடிதம் வந்த அன்று அவளுக்கு ஆள் அனுப்பினேன். அவள் ஊர் இப்போது எனக்குத் தெரியும். மண்டியிலிருந்து அப்படியே வந்தாள், புடவையெல்லாம் மல்லாட்டைத் தூசி. தள்ளுபடி என்ற வார்த்தை அவளுக்குத் தெரிந்திருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். புடவைத் தூசியைத் தட்டிக்கொண்டே, "டீச்சரம்மா, அந்த வார்த்தைக்கு நெஜமா இன்னாதான் அர்த்தம்?" என்று கேட்டாள்.

"செய்ய வேண்டியதைச் செய்வாங்கன்னு அர்த்தம்" என்றேன்.

"யாரு?"

"அரசாங்கம்."

"எப்போ?"

"அது அதுல இல்லம்மா."

"இன்னா செய்வாங்க?"

"அதுவும் இல்ல."

 பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை மாதிரி நான் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தேன். "பத்திரம்னு மட்டும் காதுல வுழுந்திருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றாள். "இது கேக்காத வார்த்தையா இருந்துச்சு. அதான் நம்பிட்டேன்."

பிறகு புருஷனுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாள். பஸ் ஏறிப் போய் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தன்னால் முடியாது என்றாள். நான் இன்லேண்ட் லெட்டரை எடுத்து, தேதி போட்டு, அன்புள்ள என்று ஆரம்பித்தேன். அவள் கையை நீட்டித் தாளை மறைத்தாள். அதுவரை அவள் என்னை நீங்க என்றுதான் பேசியிருக்கிறாள்.

"உனக்குத் தெரிஞ்ச வார்த்தையில எழுதாத. நான் சொல்றதை அப்படியே எழுது."

சொன்னாள். எழுதினேன்.

"ஒண்ணும் ஆவல. காயிதம் வரல. இனிமே வராது. நான் சொன்னதைக் கேட்டுத்தான் நீ கைநாட்டு வெக்கல. அதை நெனச்சிக்கினு சோறு துன்னாம இருக்காத. பொண்ணை இஸ்கூல்ல இருந்து நிறுத்திட்டேன், என்கூட மல்லாட்டை உரிக்க வருது. நீ எப்போ வருவேன்னு கேட்டா, இனிமே தெரியாதுன்னே சொல்லிடறேன்."